ஒரே மாதிரியான மனுக்களை எலாஸ்டிக்சர்ச் ஏன் காட்ட மாட்டேன் என்கிறது?

கொருக்குப்பேட்டை படிப்பகம் | திங்கள் இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் படிப்பகத்தில் 20 வருடமாகச் சேர்ந்த மனு நகல்கள் இருக்கின்றன. குடிநீர், கழிவுநீர், பட்டா, ரேஷன், ரயில்வே கேட், எண்ணூர்ச் சாம்பல், கடல் அரிப்பு, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை என்று எதற்கு மனு எழுதினாலும் ஒரு நகல் இங்கே வந்துவிடும். எழுதத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பெரியவர்கள் ஆரம்பித்த பழக்கம் இது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உரையாக மாற்றிவிட்டோம். மொத்தம் 41,000 சொச்சம்.

தேவை ஒன்றுதான். ஒருவர் புது மனுவோடு வந்தால், இதே பிரச்சினைக்கு முன்னால் யார் எழுதினார்கள், எந்த அலுவலகம் என்ன பதில் கொடுத்தது என்று பத்து பழைய மனுக்களை எடுத்துக் காட்ட வேண்டும். பழைய பதில் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் அந்த மனுவின் பலமே வேறு. வருகிறவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள். வெறும் கையோடு அனுப்ப மனசு வருவதில்லை.

எலாஸ்டிக்சர்ச் 6.8 என்ற தேடல் மென்பொருள் மூன்று பழைய கணினிகளில் ஓடுகிறது. அமைத்துக் கொடுத்தவர்கள் இப்போது தொடர்பில் இல்லை. 'மோர் லைக் திஸ்' (இதைப்போல் இன்னும் காட்டு) என்ற வினாவுக்கு மனுவின் ஐடியை, அதாவது அடையாள எண்ணை, கொடுத்தால் பாதிக்கு மேல் பூஜ்யம் என்று வருகிறது. வரும் மிச்சமும் சம்பந்தமே இல்லாத மனுக்கள். எங்கே பார்ப்பது?

மூலக்கொத்தளம் | திங்கள் இரவு 10:35

அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கொடுத்த ஆவணத்தில் உள்ள சொற்களை எடுக்கும். ஒவ்வொன்றும் இந்த ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது, மொத்தத் தொகுப்பில் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று பார்க்கும். இங்கே அதிகம், மற்ற இடத்தில் அரிது என்ற சொற்களுக்கு மதிப்பு கூடும். அரிய சொல்லுக்கு எடை கூட்டும் இந்த யோசனையை 1972இல் எழுதிவைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். மதிப்பு கூடிய முதல் 25 சொற்களை 'இது அல்லது இது' என்று கோத்து ஒரு சாதாரணத் தேடலாக மாற்றிவிடும். அவ்வளவுதான். பொருள் புரிந்து தேடுவதில்லை.

இப்போது அதன் இயல்பு அமைப்புகளைப் பாருங்கள். ஒரு சொல் அந்த ஆவணத்தில் குறைந்தது 2 முறை வந்திருக்க வேண்டும். தொகுப்பில் குறைந்தது 5 ஆவணங்களில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த சொற்களில் 30 சதவீதமாவது கிடைக்கிற ஆவணத்தில் இருக்க வேண்டும். 25 சொல் என்றால் 7. இவை நீளமான கட்டுரைக்குப் பொருந்தும். மனு என்பது பத்து வரி. 'சாக்கடை அடைப்பு' என்று ஒரு முறை எழுதினால் போதும், யாரும் திருப்பி எழுதுவதில்லை. ஆகவே முதல் நிபந்தனையிலேயே நல்ல சொற்கள் எல்லாம் விழுந்துவிடும். முதல் நிபந்தனையான மின் டெர்ம் ஃப்ரீக்வென்சியை 1 ஆக்குங்கள், இரண்டாவதான மின் டாக் ஃப்ரீக்வென்சியை 2 ஆக்குங்கள். அப்புறம் பார்ப்போம்.

கொருக்குப்பேட்டை படிப்பகம் | செவ்வாய் மாலை 6:20

செய்தேன் அண்ணே. மனுவின் உரையை அப்படியே ஒட்டினால் இப்போது எப்போதும் பத்து விடை வருகிறது. ஆனால் ஐடி கொடுத்தால் இன்னும் பல மனுக்களுக்குப் பூஜ்யம்தான். உரை அதேதான், ஐடி மட்டும்தான் வித்தியாசம்.

வரும் விடைகளும் சரியில்லை. சோதனைக்கு எடுத்த மனு எங்கள் ரயில்வே கேட் பற்றியது. சரக்கு ரயில் நின்றுவிட்டால் கேட் அரை மணி நேரம் திறப்பதில்லை, பிரசவ வலி வந்தவரை ஆட்டோவோடு நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். விடையாக வந்தது மூன்று ரேஷன் கார்டு மனு, ஒரு முதியோர் பென்ஷன், ஒரு தெருவிளக்கு. எது ஒற்றுமை என்றே தெரியவில்லை.

தேரடி | செவ்வாய் மாலை 7:05

அக்கா, ஐடி விஷயம் எனக்குப் பழக்கமான வாடை அடிக்கிறது. இன்டெக்ஸ் செய்யும்போது, அதாவது மனுக்களைத் தேடலுக்காக உள்ளே ஏற்றும்போது, ரவுட்டிங் (எந்தப் பகுதியில் வைப்பது என்ற குறிப்பு) ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? ஒரு ஆவணத்தை எடுத்து, அதில் ரவுட்டிங் என்ற புலம் தெரிகிறதா பாருங்கள். ஷார்டு (தொகுப்பைப் பிரித்து வைத்த பகுதி) பட்டியலையும் எடுத்துப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை ஆவணம் என்று.

அப்படியே இன்னொன்று. வினாவைச் சோதிக்கும் வேலிடேட் அழைப்பில் அதே வினாவைக் கொடுத்து, ரீரைட், ஆல் ஷார்ட்ஸ் இரண்டையும் ட்ரூ என்று வையுங்கள். எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தது என்று ஷார்டு வாரியாக அதுவே சொல்லிவிடும்.

கொருக்குப்பேட்டை படிப்பகம் | செவ்வாய் இரவு 11:10

ரவுட்டிங் இருக்கிறது தம்பி. மாநகராட்சி மண்டல எண்ணை அதில் போட்டிருக்கிறார்கள்: 1 திருவொற்றியூர், 2 மணலி, 3 மாதவரம், 4 தண்டையார்பேட்டை, 5 ராயபுரம், 6 திரு.வி.க. நகர். ஷார்டு ஐந்து. ஒன்றில் ஆவணமே இல்லை. இரண்டில் பத்தாயிரத்துக்கு மேல். எங்கள் 4ஆம் மண்டல மனுக்கள் இருப்பதில் ஏறக்குறைய 9,000, மிச்சமுள்ளதில் 8,000.

தேர்ந்தெடுத்த சொற்களைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். 4ஆம் மண்டல ஷார்டில்: பிரசவ, ஆட்டோவில், அரைமணி, உளமார, தாழ்மையுடன். 5ஆம் மண்டல ஷார்டில் முதல் சொல்லே கொருக்குப்பேட்டை. ஒரே மனு, ஒரே வினா, ஆனால் இரண்டு பட்டியல்.

தேரடி | புதன் காலை 7:40

கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு வியாதி, வேர் ஒன்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூஜ்யம். ரவுட்டிங் இல்லாவிட்டால் ஐடியை ஹாஷ் செய்து (ஒரு கணக்கால் எண்ணாக மாற்றி) எந்த ஷார்டு என்று முடிவு செய்யும். ரவுட்டிங் கொடுத்தால் அந்த மதிப்பை ஹாஷ் செய்யும். உங்கள் மனுவை வைக்கும்போது '4' என்று சொல்லி வைத்தார்கள். தேடும்போது ஐடி மட்டும் கொடுக்கிறீர்கள். அது ஐடியை ஹாஷ் செய்து வேறு ஷார்டின் கதவைத் தட்டுகிறது. அங்கே அந்த மனு இல்லை. மூல ஆவணமே கிடைக்காததால் தேட ஒரு சொல்லும் இல்லை. பிழை என்றும் சொல்லாது, அமைதியாகப் பூஜ்யம் தரும். தற்செயலாக இரண்டும் ஒரே ஷார்டில் விழுந்த மனுக்களுக்கு மட்டும் வேலை செய்திருக்கும். லைக் பகுதியில் ஐடியோடு ரவுட்டிங்கையும் கொடுத்தால் இது தீரும்.

இரண்டாவதுதான் பெரியது. எலாஸ்டிக்சர்ச்சில் ஒவ்வொரு ஷார்டும் தனி லூசீன் இன்டெக்ஸ் (லூசீன் என்பது உள்ளே இருக்கும் தேடல் நூலகம்). 'இந்தச் சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது' என்ற கணக்கை ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் உள்ளதை வைத்தே போடும். ஆவணங்கள் கலந்து கட்டி விழுந்திருந்தால் பாதகமில்லை, எல்லா ஷார்டிலும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். நீங்கள் மண்டலவாரியாகப் பிரித்துவிட்டீர்கள். 'கொருக்குப்பேட்டை' என்ற சொல் 4ஆம் மண்டல ஷார்டில் 9,000இல் 3,000 மனுக்களில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ராயபுரம் ஷார்டில் 8,000இல் 9 மனு. பிஎம்25 என்ற மதிப்பெண் கணக்கில் முதல் இடத்தில் அதன் எடை 1.1. இரண்டாவது இடத்தில் 6.7. அதே சொல்லுக்கு ஆறு மடங்கு. ராயபுரத்துக்காரர் ஒருவர் பென்ஷன் மனுவில் 'முன்பு கொருக்குப்பேட்டையில் குடியிருந்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், உங்கள் கேட் மனுவுக்கு அவர்தான் முதல் விடை.

தேடலின் வகையை டிஎஃப்எஸ் க்வெரி தென் ஃபெட்ச் என்று மாற்றலாம். முதலில் எல்லா ஷார்டிலும் எண்ணிக்கையைக் கேட்டுக் கூட்டி, அப்புறம் மதிப்பெண் போடும். ஆனால் அந்த 25 சொற்களைத் தேர்ந்தெடுப்பது ஷார்டுக்குள்தான் நடக்கிறது. மதிப்பெண் சரியாகும், தேர்வு கோணலாகவே இருக்கும்.

41,000 மனுவுக்கு ஐந்து ஷார்டு தேவையே இல்லை. 10 முதல் 50 ஜிபி வரை ஒரு ஷார்டு தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. 6.8 வரை கேட்காமலே ஐந்து ஷார்டு கொடுத்துவிடும்; 2019இல் 7.0 வந்தபோதுதான் ஒன்று என்று மாற்றினார்கள். ஒரே ஷார்டு, இரண்டு ரெப்ளிகா (நகல்) வையுங்கள். மூன்று கணினியிலும் முழுப் பிரதி இருக்கும், ஒன்று படுத்தாலும் தேடல் நிற்காது. மண்டலத்தைச் சாதாரணப் புலமாக வைத்து வடிகட்டுங்கள். ரவுட்டிங்கை விட்டுவிடுங்கள்.

காசிமேட்டுக் காற்று | புதன் பகல் 1:15

தேரடி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ரெப்ளிகா இருந்தால் ஒரே தேடலை இரண்டு முறை செய்தால் வரிசை மாறி வரலாம். அழித்த ஆவணங்கள் ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு நேரத்தில் துப்புரவாகும். அதுவரை எண்ணிக்கையில் சேர்ந்தே இருக்கும். ப்ரிஃபரன்ஸ் என்ற இடத்தில் ஏதாவது ஒரு நிலையான சொல்லைக் கொடுத்தால் அதே பிரதிக்கே போகும்.

மூலக்கொத்தளம் | புதன் இரவு 9:00

ஷார்டு சரியானாலும் 'தாழ்மையுடன்', 'உளமார' போகாது. மனுவின் சட்டகத்தைத் தனியே பிரியுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், உடல் என்று நான்கு புலம். ஒற்றுமை தேடுவது பொருளிலும் உடலிலும் மட்டும். 'பொருள்:' என்ற வரி தங்கம். எழுதியவரே பிரச்சினையை ஒரு வரியில் சுருக்கித் தந்திருக்கிறார். அதற்கு எடை கூட்டுங்கள். மேக்ஸ் டாக் ஃப்ரீக்வென்சி (அதிகபட்சம் இத்தனை ஆவணம் என்ற வரம்பு) வைத்தால் எல்லா மனுவிலும் வரும் சொற்கள் தானே உதிரும்.

வண்ணை நூலகர் | வியாழன் காலை 6:30

தமிழ்ப் பக்கத்தை யாரும் தொடவில்லையே என்று வருகிறேன். எனக்கு இதில்தான் அக்கறை.

உங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தோடு ஒரே 'ொ' குறி. அல்லது க, அப்புறம் தனியாக 'ெ', அப்புறம் தனியாக 'ா'. கண்ணுக்கு ஒன்றுதான். எலாஸ்டிக்சர்ச்சுக்கு இரண்டு வேறு சொற்கள். தட்டச்சு செய்த மனு ஒரு விதம், ஸ்கேனில் வந்தது இன்னொரு விதம் என்று இருந்தால் கொருக்குப்பேட்டையே இரண்டு ஊராகிவிடும். யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு செருகுநிரலை மூன்று கணினியிலும் நிறுவி, எழுத்தை ஒரே வடிவமாக்கும் அதன் நார்மலைசரைப் போடுங்கள், இது தீர்ந்துவிடும். ஆனால் ஸ்கேன் மென்பொருள் துணைக்காலை ('ா') 'ர' என்று படித்திருந்தால் எந்த நார்மலைசரும் காப்பாற்றாது. அதை மனிதக் கண்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. தண்டையார்பேட்டை, தண்டையார்ப்பேட்டை. ராயபுரம், இராயபுரம். வண்ணாரப்பேட்டை, வண்ணாரபேட்டை, வண்ணை. இதற்கு ஒரு ஒத்தசொல் பட்டியல் போதும், நம் பகுதிக்கு இருநூறு வரியைத் தாண்டாது.

கஷ்டமானது விகுதி. ஆறு, ஆற்றில், ஆற்றின், ஆற்றை, ஆற்றங்கரை. இயந்திரத்துக்கு ஐந்தும் ஐந்து சொல். பத்து வரி மனுவில் இப்படிச் சிதறினால் ஒற்றுமை எங்கிருந்து வரும்? 2019 அக்டோபரில் வந்த ஸ்னோபால் 2.0இல் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் உண்டு. 6.8 அதற்கு முந்தியது, அதில் கிடைக்காது. பைத்தானில் ஸ்னோபால் நூலகம் இருக்கிறது. வெளியே வேர்ச்சொல்லாக்கித் தனிப் புலத்தில் போட்டுவிடுங்கள். மூல உரையைத் தொடாதீர்கள், படிக்க அதுதான் வேண்டும்.

கொருக்குப்பேட்டை படிப்பகம் | வியாழன் இரவு 10:25

அவசரப்பட்டு நான் வேறு வழியில் போய்ப் பார்த்தேன் ஐயா. சொல்லின் முதல் ஐந்து குறியீடுகளை மட்டும் வைத்து வெட்டினேன். 'ஆற்றில், ஆற்றின்' எல்லாம் சேர்ந்தன. ஆனால் என் சோதனை மனு கெட்டுப்போனது. 'கேட்டில்' என்பதை வெட்டினால் 'கேட்ட'. ஒவ்வொரு மனுவின் கடைசி வரியிலும் வரும் 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதை வெட்டினாலும் 'கேட்ட'. ரயில்வே கேட்டும், கேட்டுக்கொள்வதும் ஒன்றாகிவிட்டன. 41,000 மனுவும் கேட் மனுவுக்கு உறவு.

வண்ணை நூலகர் | வெள்ளி காலை 6:10

அம்மா, இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் தேடினாலும் கிடைக்காது. வெட்டும்போது உயிர்மெய் ஒரே குறியீடு இல்லை என்பதையும் கவனியுங்கள். 'ஆற்' என்பதே மூன்று குறியீடு. வெட்டு நடுவில் விழும். இரண்டு சொற்களை ஜோடியாகச் சேர்த்து ஒரு புலம் வைத்துப் பாருங்கள். 'ரயில்வே கேட்', 'தூண்டில் வளைவு', 'குப்பை கிடங்கு' எல்லாம் ஜோடியாகத்தான் பொருள் தருகின்றன. மீனவர் மனுவில் 'தூண்டில்' ஒரு கருவி. 'தூண்டில் வளைவு' கடலரிப்பைத் தடுக்கக் கொட்டும் கற்சுவர்.

வியாசை | வெள்ளி பகல் 12:45

இவ்வளவு சிரமம் எதற்கு? வெக்டர் போட்டால் விகுதியும் ஒத்தசொல்லும் தானே அடங்கும். லேப்எஸ்இ என்று கூகுள் 2020இல் கொடுத்த மாதிரி 109 மொழிகளுக்கு உண்டு, தமிழும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு மனுவும் ஓர் எண் வரிசை. பக்கத்தில் இருப்பது பொருளில் பக்கம். அக்காவின் மனுவில் 'கேட்', இன்னொன்றில் 'லெவல் கிராசிங்'. சொல் எண்ணும் முறைக்கு இவை அந்நியம், வெக்டருக்குச் சொந்தம். தேரடி சொன்ன ஷார்டு கோணலும் இதில் வராது. இரண்டு வெக்டருக்கு இடையே உள்ள தூரம் அவை இரண்டையும் மட்டும் பொறுத்தது, பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. ஒவ்வொரு ஷார்டும் தன் நெருங்கிய பத்தைத் தரும், சேர்த்து வரிசைப்படுத்தினால் முடிந்தது. 2022இல் வந்த 8.0இல் இருந்து இந்த அண்மைத் தேடல் உள்ளேயே இருக்கிறது.

மூலக்கொத்தளம் | வெள்ளி இரவு 8:30

தம்பி, நீ சொல்வதில் தப்பில்லை. 'புகை' என்ற சொல்லை நானே சொல்லியிருப்பேன். கொடுங்கையூர்க்காரர் 'குப்பைமேட்டுப் புகையில் குழந்தை மூச்சு விட முடியவில்லை' என்கிறார். பக்கத்துத் தெருக்காரர் 'கொசுவுக்குப் புகை அடிக்க ஆளே வரவில்லை' என்கிறார். ஒருவர் புகை வேண்டாம் என்கிறார், இன்னொருவர் வேண்டும் என்கிறார். சொல் எண்ணினால் இரண்டும் பக்கத்தில் வந்துவிடும். அங்கே வெக்டர் உதவும்.

ஆனால் படிப்பகத்துக்கு வருகிறவர் 'ஏன் இந்த மனுவைக் காட்டுகிறீர்கள்' என்று கேட்பார். சொல் முறையில் இந்த எட்டுச் சொற்களால் என்று விரல் வைத்துக் காட்டலாம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தது. வலை, படகு, எண்ணெய், நிவாரணம் என்று இரண்டு வருட மனுக்களும் பொருளில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெக்டர் இரண்டையும் கலந்துவிடும். நிவாரணம் கேட்பவருக்கு எந்த வருடம் என்பதுதான் உயிர். தேதியை வைத்து வடிகட்டாமல் எந்த முறையும் போதாது.

வியாசை | வெள்ளி இரவு 9:10

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. இரண்டையும் ஓடவிட்டுச் சேர்த்துக் காட்டலாம். பொருள் வரியை மட்டும் வெக்டராக்கினாலே போதும். நீள உரையில் சிக்கல் உண்டு: இந்த மாதிரிகள் பல 512 துண்டுகளோடு நின்றுவிடும், தமிழ்ச் சொல் ஒன்றே நாலைந்து துண்டாகும்.

காசிமேட்டுக் காற்று | சனி காலை 11:20

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஒரே மனுவை நகலெடுத்து இருநூறு வீட்டுக்காரர்கள் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார்களே? பத்து விடையும் அதுவாகவே வந்தால் பயனில்லை.

இதற்கு வழி 1997இல் ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியின் காலத்தில் ஆந்திரே பிராடர் சொன்னது. உரையை மூன்று மூன்று சொல்லாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும் துண்டுகளாக்கு. இரண்டு மனுக்களின் பொதுத் துண்டுகளை மொத்தத் துண்டுகளால் வகு. 'மூன்று நாட்களாகக் குடிநீரில் சாக்கடை வாடை வருகிறது' என்பதில் நான்கு துண்டு. 'மூன்று' என்பதை 'ஐந்து' ஆக்கினால் மூன்று துண்டு பொது, மொத்தம் ஐந்து, அதாவது 0.6. நடுவில் 'குடிநீரில்' என்பதைத் 'தண்ணீரில்' ஆக்கினால் ஒரே துண்டு மிஞ்சும், மொத்தம் ஏழு, 0.14தான். ஒரு வரியில் இப்படி ஆடும். முழு மனுவில் நிதானப்படும். எல்லா ஜோடிகளையும் ஒப்பிட முடியாது என்பதால் மின்ஹாஷ் என்ற சுருக்கக் கையெழுத்தை வைத்து ஒப்பிடுவார்கள். வெளியே பைத்தானில் இதைச் செய்து ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு குழு எண் கொடுங்கள். தேடலில் கொலாப்ஸ் என்று அந்தக் குழு எண்ணைக் கொடுத்தால் குழுவுக்கு ஒன்றுதான் வரும். இருநூறு பேர் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பக்கத்தில் காட்டுங்கள், அதுவும் மனுவுக்குப் பலம்தான்.

கொருக்குப்பேட்டை படிப்பகம் | அடுத்த வியாழன் இரவு 9:30

எல்லாம் செய்ய ஒரு வாரம் ஆனது. ஒரே ஷார்டு, ரவுட்டிங் இல்லை, நான்கு புலம், ஐசியு, ஊர்ப்பெயர்ப் பட்டியல் (இப்போதைக்கு 140 வரி), ஸ்னோபால் வேர்ச்சொல் ஒரு புலம், சொல் ஜோடி ஒரு புலம், மின்ஹாஷ் குழு. மறுபடி இன்டெக்ஸ் செய்ய ஆனது சில நிமிடம்தான். மனுவை நான்கு புலமாகப் பிரிக்கத்தான் நாள் போனது. பழைய மனுக்களில் 'பொருள்' வரியே இல்லாதவை நிறைய, அவற்றுக்கு முதல் பத்தியை வைத்தேன்.

அதே கேட் மனுவைக் கொடுத்தேன். பத்தில் எட்டு கேட் பற்றியவை. நான்காவதாக வந்தது 2011ஆம் வருட மனு, பின்னால் பதில் கடிதத்தின் நகல் பின் அடித்து இருக்கிறது. அது இங்கே இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. மனு கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் அவர் கையாலேயே எழுதிக்கொண்டார்.

'லெவல் கிராசிங்' என்று எழுதிய மனுக்கள் மட்டும் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஒத்தசொல் பட்டியலில் சேர்த்துவிட்டேன். வெக்டருக்கு இந்தக் கணினிகளின் நினைவகம் போதாது. வியாசை தம்பி, பொருள் வரிகளை மட்டும் உங்கள் கணினியில் வெக்டராக்கித் தர முடியுமா? பெயர், முகவரி இல்லாமல் பொருள் வரியும் மனு எண்ணும் மட்டும் கோப்பாகத் தருகிறேன்.

வியாசை | அடுத்த வியாழன் இரவு 9:50

தாருங்கள் அக்கா. ஞாயிறு காலை நானே பென்டிரைவோடு வருகிறேன். 41,000 வரி ஓர் இரவில் முடிந்துவிடும்.

வண்ணை நூலகர் | வெள்ளி காலை 6:00

ஞாயிறு நானும் வருகிறேன். 'ா', 'ர' குழம்பிய சொற்களைப் பட்டியல் எடுத்து வையுங்கள், உட்கார்ந்து திருத்திவிடலாம்.

கொருக்குப்பேட்டை படிப்பகம் | வெள்ளி காலை 8:15

பத்து மணிக்குத் திறந்து வைக்கிறேன் ஐயா. கேட் போட்டிருந்தால் அந்தப் பக்கமே நின்று போன் செய்யுங்கள், பட்டியலோடு நான் அங்கே வந்துவிடுகிறேன்.